மேல்மலையிலிருந்து வந்த கடும் செப்சிஸ்: ரத்தநாள உட்சுவரும் புரதம் சி-யும்

நோயாளி கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பெண். வயது நாற்பதைத் தாண்டியவர். பூண்டுக் காட்டில் களையெடுப்பு, அது இல்லாத நாளில் கேரட் கழுவும் வேலை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எதுவும் கிடையாது. மார்கழிக் குளிரில் ஆறு நாள் காய்ச்சலோடு எங்களிடம் வந்தார். வந்தது கடும் செப்சிஸோடு, அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைச் சேதப்படுத்தும் நிலையில். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் மூன்று நாள் காய்ச்சல், தலைவலி, அடித்துப் போட்டாற்போல உடம்பு வலி. உள்ளூரில் ஓரிடத்தில் ஊசி போட்டு, காய்ச்சல் மாத்திரையும் செஃபிக்ஸிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் வறட்டு இருமல். ஐந்தாம் நாள் இரவு மூச்சு வாங்கத் தொடங்கியது. மறுநாள் விடிவதற்குள் பேச்சு குழறியதும், மகன் ஜீப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார்.

வந்தபோது அரை மயக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்தார். உடல் வெப்பம் 102.6 டிகிரி, நாடித் துடிப்பு 128, ரத்த அழுத்தம் 84/50, மூச்சு நிமிடத்துக்கு 34. ஆக்சிஜன் செறிவு 82 விழுக்காடு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே நலமாக இருப்பவருக்கே விரல்முனைக் கருவி பெரும்பாலும் 94, 95 என்றுதான் காட்டும். அதற்காக 82-ஐ உயரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. முகம் உப்பியிருந்தது, கண் சிவந்திருந்தது, இரு நுரையீரலின் அடிப்பகுதியிலும் ஈர ஒலி கேட்டது.

இரண்டு விஷயங்கள் என் கவனத்தைப் பிடித்து நிறுத்தின. ரத்தம் எடுக்க ஊசி குத்திய இடம் பஞ்சை வைத்து அழுத்திய பிறகும் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் இரண்டு பாதங்களிலும், குறிப்பாக இடது பாதத்தில், வலைப்பின்னல் வடிவில் கருநீலத் திட்டுகள் இருந்தன. கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்தினாலும் நிறம் மாறவில்லை. இடது காலில் இரண்டு விரல்களின் நுனி சில்லிட்டு நீலம் பாரித்திருந்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து எதையும் அப்போது தொடங்கியிருக்கவில்லை. ஆகவே அந்த நீலத்துக்கு மருந்து காரணமில்லை.

காயத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் செவிலியர். உடை மாற்றும்போது, பாவாடை நாடா இறுகும் இடுப்பு மடிப்பில் கருத்த பொருக்கோடு, சுற்றிலும் சிவந்த விளிம்போடு, சிகரெட் சுட்ட புண் போல ஒன்று இருந்தது. வலியில்லை, அரிப்பில்லை. "எப்போ வந்துச்சுன்னே தெரியல" என்று பின்னால் நோயாளி சொன்னார். அதுதான் எஸ்கார். ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடம். ஸ்கிரப் டைஃபஸ் என்றும் உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்லப்படும் நோய். மழை ஓய்ந்து குளிர் பிடிக்கும் மாதங்களில் தமிழ்நாட்டில் இது கூடுகிறது. எஸ்கார் இருக்கும் இடங்களெல்லாம் மறைவானவை: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்குக் கீழே, இடுப்பு மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம். துணியை விலக்கிப் பார்க்காமல் இது கிடைக்காது. பெண்களுக்கு இது தவறிப்போவதற்குப் பெரும்பாலும் கூச்சம்தான் காரணம். பெண் செவிலியர் ஒருவர் திரை போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஆய்வக முடிவுகள்: தட்டணுக்கள் 38,000. வெள்ளணுக்கள் 14,800. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.1. கல்லீரல் நொதிகள் இயல்பைப் போல நான்கைந்து மடங்கு. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட் 5.2. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் புரோத்ராம்பின் சோதனை 21 விநாடி, ஒப்பீடு 13. ரத்தக்கட்டு கரையும்போது வெளிவரும் டி-டைமர் பல மடங்கு உயர்வு. ஃபைப்ரின் என்ற நாராக மாறி ரத்தக்கட்டை உண்டாக்கும் ஃபைப்ரினோஜன் 180, அதாவது லேசான குறைவு. உலக அளவில் பயன்படும் உறைவுக் கோளாறு மதிப்பெண்ணில் தட்டணுவுக்கு 2, டி-டைமருக்கு 3, உறைவு நேரத்துக்கு 2, மொத்தம் 7. ஐந்தைத் தொட்டாலே நாளங்களுக்குள் பரவலாக ரத்தம் உறைகிறது என்று கொள்வோம். வைட்டமின் கே கொடுப்பதற்கு முன்பே சிட்ரேட் குழாயில் ரத்தம் எடுத்து, அதன் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து உறைகுளிரில் வைத்து, ஐஸ் பெட்டியில் மதுரைக்கு அனுப்பினோம். ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதம் சி-யின் செயல்திறனைப் பார்க்கத்தான். முடிவு வரச் சில நாள் ஆகும், அதை வைத்து சிகிச்சையை மாற்றப்போவதில்லை என்று தெரிந்தேதான் அனுப்பினோம்.

வாசலில் நின்ற மகன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. "ஊசி குத்துன எடத்துல ரத்தம் நிக்கல டாக்டர். நீங்க ரத்தம் உறையுதுங்கிறீங்க. எதுதான் நெசம்?"

இரண்டும்தான் தம்பி என்றேன். அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

நம் ரத்தநாளங்கள் எல்லாவற்றின் உட்புறத்திலும் ஒற்றை அடுக்கு செல்கள் உண்டு. எண்டோதீலியம் என்கிறோம். ரத்தம் நாளத்துக்குள் உறையாமல் ஓடுவதற்கு இந்த அடுக்குதான் ஒவ்வொரு விநாடியும் வேலை செய்கிறது. அது செய்யும் வேலைகளில் முக்கியமானது புரதம் சி-யைச் செயலூக்குவது. புரதம் சி கல்லீரலில், வைட்டமின் கே-யின் உதவியோடு உருவாகிறது. ரத்தத்தில் செயலற்ற நிலையில் சுற்றிக்கொண்டிருக்கும். 1976-இல் யோஹன் ஸ்டென்ஃப்ளோ இதைப் பிரித்தெடுத்தார். அதை எழுப்பிவிடுவது த்ராம்பின். ரத்தத்தை உறையவைக்கும் அதே த்ராம்பின்தான். உட்சுவர் செல்களின் மேல் த்ராம்போமாடுலின் என்ற புரதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. த்ராம்பின் அதில் ஒட்டிக்கொண்டதும் அதன் குணமே மாறிவிடுகிறது. ஃபைப்ரினை உருவாக்குவதை நிறுத்திவிட்டு, புரதம் சி-யைச் செயலூக்கத் தொடங்குகிறது. தனியாக இருக்கும்போது செய்வதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக. பக்கத்திலேயே புரதம் சி-க்கென ஓர் ஏற்பியும் உண்டு. அது பிடித்துக் கொடுத்தால் வேகம் இன்னும் கூடும். ஆக, உறைதல் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே அதற்கான தடையும் தயாராகிறது. இதில் முதலில் வியந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பணியாற்றிய சார்ல்ஸ் எஸ்மன். 1980-களின் தொடக்கத்தில் த்ராம்போமாடுலினை அடையாளம் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

செயலூக்கப்பட்ட புரதம் சி, புரதம் எஸ் என்ற துணையோடு, ஐந்தாம், எட்டாம் உறைவுக் காரணிகளை வெட்டிச் செயலிழக்க வைக்கிறது. உறைவெதிர்ப்புப் புரதம் என்று இதற்குப் பெயர் வந்தது இதனால்தான். ஆனால் உட்சுவரைப் பொறுத்தவரை இதன் இன்னொரு வேலை இதைவிடப் பெரியது என்பது என் கருத்து. உட்சுவர் செல்களின் மேல் பி.ஏ.ஆர்.-1 என்ற ஏற்பி இருக்கிறது. த்ராம்பின் அதை 41-ஆவது அமினோ அமிலத்தில் வெட்டும். உடனே செல்லுக்குள் ரோ-ஏ என்ற சமிக்ஞை கிளம்பி, செல்கள் சுருங்கி, ஒன்றுக்கொன்று இடைவெளி விழும். நீர் வெளியே கசியும். தன் ஏற்பியில் அமர்ந்த செயலூக்கப்பட்ட புரதம் சி அதே பி.ஏ.ஆர்.-1-ஐ 46-ஆவது அமினோ அமிலத்தில் வெட்டும். ஐந்து அமினோ அமிலம் தள்ளி வெட்டினதும் விளைவு தலைகீழாகிவிடுகிறது. ராக்-1 என்ற வேறு சமிக்ஞை எழுகிறது, செல்லுக்கு வடிவம் தரும் உட்சட்டகம் ஓரங்களுக்கு நகர்கிறது, சந்துகள் இறுகுகின்றன, செல்கள் தற்கொலை செய்துகொள்வது குறைகிறது. ஒரே ஏற்பியில் இரண்டு எதிரெதிர் கட்டளைகள்.

இதோடு நிற்கவில்லை. செப்சிஸில் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.வையும் அதைச் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களையும் ரத்தத்தில் கொட்டுகின்றன. அந்த ஹிஸ்டோன்கள் உட்சுவர் செல்களைக் கொல்லும். செயலூக்கப்பட்ட புரதம் சி அவற்றை வெட்டிப்போடும் என்று 2009-இல் எஸ்மனின் குழு காட்டியது.

இப்போது இந்தப் பெண்ணின் பாதத்துக்கு வருவோம். ஓரியன்ஷியா குடியேறும் முக்கிய இடமே உட்சுவர் செல்கள்தான். மற்ற செப்சிஸ்களில் அழற்சியின் வேகத்தில் உட்சுவர் அடிபடும். இங்கே கிருமியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அழற்சிச் சமிக்ஞைகள் த்ராம்போமாடுலின் உற்பத்தியைக் குறைக்கின்றன. வெள்ளணுக்களின் எலாஸ்டேஸ் நொதி இருப்பதையும் செல்லின் மேலிருந்து வெட்டி எடுத்துவிடுகிறது. கல்லீரல் சோர்ந்துபோய் புரதம் சி-யைக் குறைவாகவே செய்கிறது. செய்ததும் வேகமாகச் செலவாகிறது, ஏனெனில் அதன் அரை ஆயுள் எட்டு மணி நேரத்துக்குள்தான். இதற்குள் த்ராம்பின் பெருகிக்கொண்டே போகிறது. எழுப்ப ஆள் உண்டு, எழுப்பும் இடம் போய்விட்டது. அப்புறம் த்ராம்பின் தன் பழைய வேலைக்கே திரும்பும். தோலின் நுண் நாளங்களில் ஃபைப்ரின் அடைத்துக்கொள்ளும். அதுதான் வலைப்பின்னல் நீலம். அடைக்கும் வேலையில் தட்டணுக்களும் உறைவுக் காரணிகளும் தீர்ந்துபோவதால் ஊசித் துளையை மூட எதுவும் மிச்சமில்லை. அதுதான் கசிவு. மகன் பார்த்த இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

இது வெறும் ஊகமில்லை. 2001-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வொன்று, மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் செப்சிஸில் தோலில் ஊதாத் திட்டுகள் வந்த 21 குழந்தைகளின் தோல் துணுக்குகளைப் பார்த்தது. த்ராம்போமாடுலினும் புரதம் சி ஏற்பியும் அவர்களது நாளங்களில் குறைந்திருந்தன. செயலூக்கப்படாத புரதம் சி-யை ஏற்றிய இருவரிடம் செயலூக்கப்பட்ட வடிவம் அதன் பிறகும் குறைவாகவே இருந்தது. கச்சாப் பொருளை எவ்வளவு கொடுத்தாலும், அதை எழுப்பும் மேற்பரப்பு இல்லாவிட்டால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, செயலூக்கியதையே நேராகக் கொடுத்துவிடலாமே? கொடுத்துப் பார்த்தார்கள். 1987-இலேயே பபூன் குரங்குகளை ஈ. கோலை செப்சிஸிலிருந்து இது காப்பாற்றியது. மனிதர்களில் புரோவெஸ் என்ற ஆய்வு 2001-இல் வந்தது. 1,690 நோயாளிகள். மருந்து பெற்றவர்களில் 24.7 விழுக்காட்டினரும், போலி மருந்து பெற்றவர்களில் 30.8 விழுக்காட்டினரும் 28 நாளில் இறந்தனர். எலி லில்லி நிறுவனத்தின் சைக்ரிஸ் என்ற அந்த மருந்துக்கு அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கிலோவுக்கு மணிக்கு 24 மைக்ரோகிராம், 96 மணி நேரம் விடாமல் ஏற்ற வேண்டும். கடும் ரத்தக்கசிவு 2 விழுக்காட்டிலிருந்து 3.5-ஆகக் கூடியது. தட்டணு 30,000-க்குக் கீழே போனவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. பத்தாண்டு கழித்து, ரத்த அழுத்தம் சரிந்துபோகும் செப்சிஸ் அதிர்ச்சியில் இருந்த 1,697 பேரிடம் மறுபடி சோதித்தபோது மருந்து பெற்றவர்களில் 26.4 விழுக்காடும் மற்றவர்களில் 24.2 விழுக்காடும் இறந்தனர். பயன் காணோம். 2011 அக்டோபரில் உலகச் சந்தையிலிருந்தே மருந்து திரும்பப் பெறப்பட்டது. புரதம் சி மிகக் குறைந்திருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் பயன் நிரூபணமாகவில்லை. "குறைந்ததை நிரப்பினால் போதும்" என்ற கணக்கு அதோடு உடைந்தது.

அதனால் இந்தப் புரதத்தைப் பற்றிய அறிவியல் தோற்றுவிட்டது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. உட்சுவர் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் அளவு தயாரித்துக்கொள்ளும் ஒன்றை உடம்பு முழுக்க ஒரே அளவில் பாய்ச்சினார்கள். காக்கும் சமிக்ஞையோடு ரத்தக்கசிவும் சேர்ந்தே வந்தது. இந்த இரண்டையும் பிரிக்கும் முயற்சி தொடர்கிறது. உறைவெதிர்ப்புத் திறனைப் பெரிதும் குறைத்து, சமிக்ஞைத் திறனை மட்டும் வைத்துக்கொண்ட மாற்றுப் புரதங்கள் எலிகளின் செப்சிஸ் இறப்பைக் குறைத்ததாக 2007-இல் முடிவு வந்தது. அந்த வகையைச் சேர்ந்த ஒன்று பக்கவாத நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. செப்சிஸுக்கு இன்று படுக்கையருகில் பயன்படுத்த எதுவும் இல்லை. ஜப்பானில் 2008 முதல் பயன்பாட்டில் இருக்கும், ஆய்வகத்தில் செய்த த்ராம்போமாடுலினும் 2019-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை.

எங்கள் கையில் இருந்தது வேறு வழி: உட்சுவரைத் தாக்குவதை நிறுத்தி, அது தானாக மீளும்வரை கூடுதல் சேதம் செய்யாமல் இருப்பது.

எஸ்காரைப் பார்த்த பத்து நிமிடத்துக்குள் ஓரியன்ஷியாவைக் கட்டுப்படுத்தும் டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராமை நரம்பு வழியாக ஏற்றினோம். பிறகு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 100. கூடவே அசித்ரோமைசின் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லி. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஆதாரம் நம் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. 2023-இல் வெளியான, கடும் ஸ்கிரப் டைஃபஸ் நோயாளிகள் 794 பேரைக் கொண்ட இந்திய ஆய்வில் இறப்பு, நீடிக்கும் காய்ச்சல், நீடிக்கும் உறுப்புச் சிக்கல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கூட்டு மருந்துக்கு 33 விழுக்காடு. டாக்சிசைக்ளின் மட்டும் என்றால் 47, அசித்ரோமைசின் மட்டும் என்றால் 48. ரத்தத்தில் வேறு கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு செஃப்ட்ரையாக்சோனும் கொடுத்தோம். வளர்ப்பில் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினோம். செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்சோன் போன்றவை ஓரியன்ஷியாவை ஒன்றும் செய்யாது.

அடுத்தது நீர். வழிகாட்டுதல் கிலோவுக்கு 30 மில்லி என்கிறது. 48 கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் ஒரு லிட்டர் போனதும் நுரையீரலின் ஈர ஒலி மேலே ஏறியது. அங்கேயே நிறுத்திவிட்டு, ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் தொடங்கினோம். சந்து விட்டுப்போன உட்சுவர் வழியாக ஊற்றும் நீர் நாளத்தில் தங்காது, நுரையீரலில்தான் போய் நிற்கும். ஸ்கிரப் டைஃபஸில் இது மிக நுட்பமான இடம். அழுத்தம் குறைகிறதே என்று பயந்து புட்டிமேல் புட்டி மாட்டுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது.

மூச்சுக்கு, முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தரும் பைபாப் கருவி. வைட்டமின் கே 10 மில்லிகிராம். தட்டணு ஏற்றவில்லை. ஊசித் துளைக் கசிவைத் தவிர வேறு ரத்தக்கசிவு இல்லை, எண்ணிக்கையும் 20,000-க்குக் கீழே போகவில்லை. பிளாஸ்மா கொடுக்கலாமா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசித்தோம், அதில் புரதம் சி இருக்கிறது. ஆனால் கணிசமாக ஏற்ற வேண்டுமானால் அரை லிட்டருக்கு மேல் போக வேண்டும். சில மணி நேரத்தில் மறுபடி. அந்த நுரையீரலுக்கு அது தாங்காது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினைத் தட்டணு 50,000-ஐத் தாண்டும்வரை தள்ளிவைத்தோம்.

கீழே அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வி முதல் மணி நேரத்திலேயே வந்தது. வத்தலக்குண்டு வழியாகக் காட் ரோட்டில் இறங்கி மதுரை சேர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, மூடுபனி இருந்தால் இன்னும் ஆகும். பைபாப்பில் தாங்காவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டு அனுப்புவது என்று முடிவு செய்து, 108 வண்டிக்கும் கீழேயிருக்கும் மருத்துவமனைக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். முதல் மருந்து உள்ளே போகாமல் யாரையும் வண்டியில் ஏற்றக் கூடாது என்பதில் எங்களிடம் மறுபேச்சில்லை.

அனுப்ப வேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் இரண்டாம் நாள் முடிவில் இறங்கியது. லாக்டேட் மறுநாள் காலையில் 2.4. மூன்றாம் நாள் நார்அட்ரினலினை நிறுத்தினோம், நான்காம் நாள் பைபாப்பை. தட்டணு ஒருமுறை 26,000-ஆகக் குறைந்து, ஐந்தாம் நாள் 61,000-ஆக ஏறியது. சிறுநீரகம் டயாலிசிஸ் இல்லாமலே மீண்டது. ஸ்கிரப் டைஃபஸுக்கான எதிர்ப்புரதத்தைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா நேர்மறை என்ற முடிவு வந்தபோது நோயாளி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

மதுரையிலிருந்து வந்த புரதம் சி செயல்திறன் 31 விழுக்காடு. இயல்பு 70-க்கு மேல். கல்லீரல் பாதிப்பும் சரியாகச் சாப்பிடாததும் கூட இதைக் குறைத்திருக்கும். எனவே முழுப் பழியையும் உட்சுவரின் மேல் போட மாட்டேன். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 94. பிறவிக் குறைபாடு இல்லை என்பது அதில் உறுதியானது. குடும்பத்தாருக்குச் சோதனை தேவையில்லை என்று சொல்லவும் முடிந்தது.

பாதம் முழுதாகத் தப்பவில்லை. திட்டுகள் இரண்டு வாரத்தில் மங்கின. ஆனால் இடது காலின் நான்காம் விரல் நுனி கருத்து உலர்ந்துவிட்டது. அவசரப்பட்டு வெட்டவில்லை. உயிருள்ள திசுவுக்கும் செத்ததற்கும் எல்லை தெளிவாகும்வரை உலர்வாக வைத்திருந்தோம். ஆறாம் வாரத்தில் நகத்தோடு அந்த நுனி தானாகக் கழன்றது. முதல் ஊசி போட்ட மூன்றாம் நாளிலேயே டாக்சிசைக்ளின் கிடைத்திருந்தால் அந்த விரல் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன். மாத்திரை ஒன்றின் விலை தேநீர் விலைக்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கும்.

மறு பரிசோதனைக்கு வந்தபோது முடி கொட்டுகிறது, மேடு ஏறினால் கால் ஓய்கிறது என்றார். எப்போது காட்டுக்குப் போகலாம் என்றும் கேட்டார். இன்னும் ஒரு மாதம் என்றோம். வேலையிலிருந்து வந்ததும் சுடுதண்ணீரில் குளித்துத் துணி மாற்றுவது, வரப்புப் புல்லில் உட்காரும்போது சாக்கு விரிப்பது, துவைத்த துணியைப் புதர்மேல் போடாமல் கொடியில் காயப்போடுவது ஆகியவற்றை அவருக்கும் உடன் வந்தவர்களுக்கும் சொன்னோம். அவரோடு அதே காட்டில் களையெடுத்த நாத்தனாருக்கும் முன்தினத்திலிருந்து காய்ச்சல். திரைக்குப் பின்னால் பார்த்தபோது முழங்காலின் பின்மடிப்பில் பொருக்கு இருந்தது. தட்டணு 1,60,000. டாக்சிசைக்ளின் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினோம். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று போனில் சொன்னார்கள், ஏழு நாள் மாத்திரையையும் முடிக்கச் சொன்னேன்.